வைத்தியம் கற்போர் வதைபடலாகாது

வட்டுக்கோட்டையில் ஒரு பிள்ளைக்கு மருத்துவபீட அனுமதி கிடைத்தால் அந்த ஆனந்தம் வீட்டு வேலிக்குள் அடங்குவதில்லை. 1847இல் இவ்வூருக்கு வந்த வைத்தியர் சாமுவேல் பிஸ்க் கிறீன், பின்னர் மானிப்பாயிலிருந்து, தமிழிலேயே மருத்துவம் போதித்த பாரம்பரியம் இம்மண்ணுக்குண்டு. ஆயினும், அப்பிள்ளை முதல் மாத முடிவில் வீடு வந்து, கைத்தொலைபேசி ஒலிக்கும்தோறும் பதறி எழுந்து நின்று "ஓம் அண்ணா, ஓம் அண்ணா" என்று நடுங்கும் குரலில் பதில் சொல்லுமாயின், பெற்றோர் அதனைப் படிப்பின் களைப்பென்று எண்ணி வாளாவிருத்தல் தகாது; அது பகிடிவதையின் அறிகுறியாகவும் இருக்கலாம்.

1996இல் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரியில் முதலாண்டு மாணவன் நாவரசு, சிரேஷ்ட மாணவன் ஒருவனாற் கொலையுண்டான். மறு ஆண்டில் பேராதனைப் பொறியியற்பீட மாணவன் செல்வநாயகம் வரப்பிரகாஷ், வலிந்து செய்விக்கப்பட்ட கடும் உடற்பயிற்சியாற் சிறுநீரகம் செயலிழந்து மாண்டான். அளவிறந்த பயிற்சியால் தசைநார்கள் சிதைந்து, அச்சிதைவில் வெளிப்படும் பொருள் இரத்தத்திற் கலந்து சிறுநீரகத்தைத் தாக்கும். ஆதலால் கடும் தசைநோவோடு சிறுநீர் கறுத்துப் போனால், ஒரு கணமும் தாமதியாது வைத்தியசாலைக்குச் செல்க.

இலங்கையின் 1998ஆம் ஆண்டு 20ஆம் இலக்கச் சட்டம், உடலுக்கோ உள்ளத்துக்கோ ஊறு, மனவேதனை, அச்சம் ஆகியவற்றை விளைவிக்கும் அல்லது விளைவிக்கக்கூடிய எச்செயலையும் பகிடிவதையென்றே கொள்கிறது. உடம்பிலே தழும்பு இருந்துதான் ஆகவேண்டுமென்பதில்லை. அது கல்வி நிலையத்துக்கு வெளியே நிகழ்ந்தாலும் குற்றமே. தண்டனை 2 ஆண்டுவரை கடூழியச் சிறை. பாலியற் துன்புறுத்தலோ கொடுங்காயமோ நேரின் 10 ஆண்டுவரை நீளும்.

வதை சிரேஷ்ட மாணவராலேயே நேர்வதென்பதில்லை. பிழை திருத்துவது ஆசிரியரின் கடமை. ஆனால் நோயாளியின் கட்டிலருகே மாணவியின் குலத்தையும் குடும்பத்தையும் இழித்துரைப்பது போதனையன்று. இழிவான நடத்துகையிலிருந்து எவரையும் அரசியலமைப்பின் 11ஆம் உறுப்புரை காக்கிறது. அரச நிர்வாகச் செயலால் அவ்வுரிமை மீறப்படின் உயர் நீதிமன்றத்தை நாடுவதற்குள்ள தவணை ஒரு மாதமே. அம்மாதத்துள் மனித உரிமைகள் ஆணைக்குழுவிடம் முறையிட்டால், விசாரணை நடைபெறும் காலம் அத்தவணையிற் சேராது.

ஆகையால், நிகழ்ந்த அன்றே திகதி, நேரம், இடம், பேசப்பட்ட வார்த்தை, உடனிருந்தோர் ஆகியவற்றைக் குறித்து வைக்க. வந்த செய்திகளை அழிக்காதீர். காயமிருப்பின் வைத்தியரிடம் காட்டிப் பதிவு செய்விக்க. பீடாதிபதிக்கும் உபவேந்தருக்கும் எழுத்தில் முறையிட்டுப் பிரதியைக் கைவசம் வைத்திருங்கள். பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழுவும் முறைப்பாட்டை ஏற்கும். அச்சுறுத்தலெனின் பொலிசார் 119. மனம் தளர்ந்தால் மனநல உதவித் தொலைபேசி 1926.

அவமதிப்பையே பாடமாகப் பெற்ற மாணவன், நாளை வெளிநோயாளர் வரிசையில் நின்று தன் நோவைச் சொல்லத் திக்குமுக்காடும் கிழவியிடம் அப்பாடத்தையே ஒப்புவிக்கக்கூடும். எனவே, தொலைபேசி ஒலிக்க எழுந்து நிற்கும் அப்பிள்ளையை அருகே இருத்தி, "ஆர் எடுத்தது, என்ன சொன்னவை?" என்று ஆறுதலாகக் கேளுங்கள், அது சொல்வதை இடைமறியாது கேட்டு, அப்போதே ஒரு கொப்பியில் எழுதத் தொடங்குங்கள்.