பேட்டரிக்கு ஒரு கணக்குப்பிள்ளை

என்ஜின் ஓடிக்கொண்டிருக்கிறது, மீட்டரை வைத்துப் பார்த்தால் 12.5 வோல்ட்தான். பழைய காலத்து மெக்கானிக் என்றால் "ஆல்டர்னேட்டர் போச்சு" என்று உடனே தீர்ப்புச் சொல்லியிருப்பார். இன்றைய கார்களில் அது கோளாறாக இல்லாமலும் இருக்கலாம்.

முன்பெல்லாம் ஆல்டர்னேட்டர் ஏறக்குறைய 14 வோல்ட்டைத் தள்ளிக்கொண்டே இருக்கும். பேட்டரி நிரம்பியதா என்று அது கவலைப்பட்டதில்லை. இப்போது பல கார்களில், பேட்டரியின் நெகடிவ் முனையில் இருக்கும் சிறிய சென்சார் மின்னோட்டம், வோல்ட்டேஜ், வெப்பம் மூன்றையும் அளந்து காரின் கணினிக்குச் சொல்கிறது. குளிரில் கணினி வோல்ட்டேஜைக் கூட்டும். பானெட்டுக்குள் சூடு ஏறினால் குறைக்கும். சூட்டில் அதிக வோல்ட்டேஜ் கொடுத்தால் பேட்டரியின் நீர் வற்றும், தகடுகள் அரித்துப்போகும்.

இன்னொரு தந்திரமும் உண்டு. பேட்டரியை முழுதாக நிரப்பாமல் சுமார் 80 சதவீதத்தில் நிறுத்துவது. டிரைவர் ஆக்ஸிலரேட்டரிலிருந்து காலை எடுத்ததும், வீணாகப் போகும் ஆற்றலை அந்தக் காலியிடத்தில் ஏற்றிவிடலாம். எரிபொருள் மிச்சம்! ஆனால் அரைகுறை சார்ஜிலேயே கிடந்தால் சாதாரண பேட்டரியில் சல்பேட் படியும். அதனால்தான் சிக்னலில் என்ஜின் தானே அணையும் கார்களுக்கு ஏ.ஜி.எம். அல்லது இ.எஃப்.பி. வகை பேட்டரி; விலையும் கூடுதல்தான்.

பி.எம்.டபிள்யூ போன்ற கார்களில் புது பேட்டரி மாட்டினால் கணினியில் பதிவு செய்ய வேண்டும். மறந்தால், கிழட்டு பேட்டரி என்று நினைத்தே சார்ஜ் செய்யும்.

நெகடிவ் முனையில் சென்சார் உள்ள கார்களுக்கு வெளிச் சார்ஜர் போடுபவர்கள், நெகடிவ் கிளிப்பை பேட்டரி முனையில் மாட்டாமல், பாடியில் உள்ள எர்த் இடத்தில் மாட்டுவது நல்லது. அப்போதுதான் ஏறிய சார்ஜ் சென்சாரின் கணக்கில் சேரும்.