கரண்ட் போனால் கணக்கு என்ன ஆகும்?

பெல்ஜியம் நாட்டில் செயின்ட் கிஸ்லான் என்று ஓர் ஊர். கூகுள் நிறுவனத்தின் மிகப் பெரிய கம்ப்யூட்டர் கூடம் ஒன்று அங்கே இருக்கிறது. பல கம்பெனிகள் வாடகை கொடுத்து, தங்கள் கணக்கு வழக்குகளை அந்தக் கூடத்தில் வைத்திருக்கின்றன.

2015-ம் ஆண்டு ஆகஸ்டு 13-ந் தேதி. அந்தக் கூடத்துக்கு மின்சாரம் வரும் பாதையில் இடி விழுந்தது. ஒரு முறை அல்ல. அடுத்தடுத்து 4 முறை!

மின்சாரம் தடுமாறியது. மாற்று ஏற்பாடுகள் உடனே வேலை செய்தன. பாட்டரிகளும் இருந்தன. அப்படி இருந்தும் கொஞ்சம் தகவல் அடியோடு அழிந்து போயிற்று. மொத்த இடத்தில் 0.000001 சதவீதத்துக்கும் குறைவுதான் என்று கூகுள் அறிவித்தது. அதாவது, 10 கோடியில் ஒரு பங்குகூட இல்லை.

அளவு சின்னதுதான். ஆனால், எந்தத் தகவல் ஆபத்தில் சிக்கியது தெரியுமா? சற்று முன்புதான் எழுதப்பட்ட புதிய தகவல்!

மின்சாரத்தின் குணம் அது. எழுதி முடித்ததை அது சாதாரணமாகத் தொடுவது இல்லை. எழுதிக்கொண்டு இருப்பதைத்தான் பாதியில் நிறுத்திவிடுகிறது. பாதியில் நின்ற அந்த எழுத்து, பல மாதம் கழித்துத் தன் வேலையைக் காட்டுவதும் உண்டு. அது எப்படி?

சுற்றும் தட்டுகள்

கம்ப்யூட்டரில் தகவலைச் சேர்த்து வைக்கும் பெட்டிக்கு "டிஸ்க்" என்று பெயர். உள்ளே காந்தப் பூச்சுக் கொண்ட தட்டுகள் சுற்றிக்கொண்டே இருக்கும். பல டிஸ்க்குகளில் தட்டு நிமிடத்துக்கு 7,200 சுற்று சுற்றுகிறது. எழுதும் முனை, தட்டின் மேல் படாமல் மிதக்கிறது. இரண்டுக்கும் நடுவே உள்ள இடைவெளி, தலைமுடியின் தடிமனைவிட மிக மிகக் குறைவு.

முதல் டிஸ்க்கை 1956-ல் அமெரிக்காவின் ஐ.பி.எம். கம்பெனி வெளியிட்டது. 24 அங்குல அகலத்தில் 50 தட்டுகள். எடை சுமார் 1 டன்! அதில் அடங்கியது 50 லட்சம் எழுத்துகள். இன்று உள்ளங்கையில் அடங்கும் டிஸ்க், 20 லட்சம் கோடி எழுத்துகளைக்கூட ஏற்கிறது.

திடீரென்று கரண்ட் போனால் மிதக்கும் முனை தட்டில் மோதிவிடாதா? மோதாது. தட்டு உடனே நின்றுவிடுவது இல்லை அல்லவா? சுற்றுகிற அந்த வேகத்தைக்கொண்டே டிஸ்க் கொஞ்சம் மின்சாரம் தயாரித்துக்கொள்கிறது. அதைக்கொண்டு முனையைப் பத்திரமான இடத்தில் ஒதுக்கிவிட்டுத்தான் ஓய்கிறது. டிஸ்க் பிழைத்துவிடும். எழுத்து பிழைக்குமா என்பதுதான் கேள்வி.

மூன்று விஞ்ஞானிகள்

டிஸ்க்கும் ஒரு யந்திரம்தான். ஒரு நாள் அது கெட்டுத்தான் போகும். அப்போது அதில் உள்ளவை என்ன ஆவது?

1988-ல் அமெரிக்காவின் பெர்க்கிலி சர்வகலாசாலையைச் சேர்ந்த பாட்டர்சன், கிப்சன், காட்ஸ் ஆகிய 3 பேரும் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். விலை உயர்ந்த ஒரே பெரிய டிஸ்க்குக்குப் பதிலாக, மலிவான சின்ன டிஸ்க்குகள் பலவற்றை ஒன்று சேர்க்கலாம் என்பது அவர்கள் யோசனை.

அதில் உள்ள அபாயத்தையும் அவர்களே கணக்குப் போட்டுக் காட்டினார்கள். ஒரு டிஸ்க் சராசரியாக 30 ஆயிரம் மணி நேரம் உழைக்கும் என்று வைத்துக்கொள்வோம். 100 டிஸ்க்குகளைச் சேர்த்தால், அவற்றில் ஏதாவது ஒன்று 300 மணி நேரத்துக்கு ஒரு முறை கெட்டுப்போகும். அதாவது, 2 வாரத்துக்குள் ஒன்று! ஆகவே, ஒன்று போனாலும் மற்றவற்றைக்கொண்டு அதை மீட்கும் வழி வேண்டும் என்றார்கள். இந்தக் கூட்டு ஏற்பாட்டுக்கு "ரெய்டு" என்று பெயர் வைத்தார்கள். போலீஸ் ரெய்டுக்கும் இதற்கும் சம்பந்தம் இல்லை!

மீட்கும் வழியைப் பள்ளிப் பிள்ளையும் புரிந்துகொள்ளலாம்.

4 டிஸ்க்குகள் இருக்கின்றன. முதல் மூன்றில் 7, 5, 9 என்ற எண்களை எழுதுகிறோம். நாலாவது டிஸ்க்கில் அவற்றின் கூட்டுத்தொகையான 21-ஐ எழுதுகிறோம். இரண்டாவது டிஸ்க் கெட்டுவிட்டது. அதில் என்ன இருந்தது? 21-ல் 7-ஐயும் 9-ஐயும் கழித்தால் 5. மீட்டாகிவிட்டது! உண்மையில் கம்ப்யூட்டர் செய்வது ஒற்றைப்படை, இரட்டைப்படை பார்க்கும் வேறு வகைக் கணக்கு. கூட்டுத்தொகை எழுதும் வேலையையும் எல்லா டிஸ்க்குகளும் முறை வைத்துப் பங்கிட்டுக்கொள்ளும். ஆனால், சூட்சுமம் இதுதான்.

இந்த வேலையைச் செய்யத் தனி அட்டை ஒன்றைக் கம்ப்யூட்டருக்குள் செருகுவது ஒரு முறை. நல்ல அட்டைகளில் அவசரத்துக்கு உதவப் பாட்டரியும் இருக்கும். அட்டையே இல்லாமல், கம்ப்யூட்டரின் புரோகிராமே டிஸ்க்குகளைக் கட்டி மேய்ப்பது இன்னொரு முறை. இதில் செலவு குறைவு. கம்ப்யூட்டர் பழுதானால் டிஸ்க்குகளைக் கழற்றி இன்னொரு கம்ப்யூட்டரில் மாட்டிக்கொள்ளலாம். ஆனால், அட்டையில் இருந்த அந்தச் சின்னப் பாட்டரி இங்கே கிடையாது.

5 எப்படி 4 ஆயிற்று?

இப்போது கதைக்கு வருவோம்.

ஒரு போட்டோ ஸ்டூடியோ. 4 டிஸ்க்குகளில் 15 வருஷத்துக் கல்யாணப் படங்கள் இருக்கின்றன என்று வைத்துக்கொள்வோம். மாலை நேரம். முதல் டிஸ்க்கில் உள்ள 7-ஐ 8 என்று மாற்ற வேண்டும். கூட்டுத்தொகையையும் 21-லிருந்து 22 ஆக்க வேண்டும். இரண்டு எழுத்தும் ஒரே கணத்தில் முடிவது இல்லை. ஒன்று முந்தும். மற்றது பிந்தும்.

8 எழுதியாயிற்று. 22 எழுதுவதற்குள் கரண்ட் போய்விட்டது!

இப்போது டிஸ்க்குகளில் இருப்பவை 8, 5, 9. கூட்டுத்தொகை என்னவோ இன்னும் 21.

கரண்ட் திரும்ப வருகிறது. 4 டிஸ்க்குகளும் நலமாக இருந்தால் கவலை இல்லை. புரோகிராம் மறுபடி கூட்டிப் பார்த்து 22 என்று திருத்திவிடும். ஆனால், வருஷக்கணக்கில் ஓயாமல் சுற்றிய பழைய டிஸ்க், ஒரு முறை நின்றுவிட்டால் மறுபடி சுற்ற மறுப்பது உண்டு. இரண்டாவது டிஸ்க் அப்படி மறுத்துவிட்டது. 21-ல் 8-ஐயும் 9-ஐயும் கழித்தால்? 4!

அங்கே இருந்தது 5 அல்லவா? அதை யாருமே தொடவில்லையே! இன்று மாலை மாற்றியது ஒரு பில். கெட்டுப்போனது, பக்கத்து டிஸ்க்கில் அதே வரிசையில் இருந்த யாரோ ஒரு மணப்பெண்ணின் படம். கெட்டது உடனே தெரியவும் தெரியாது. என்றோ ஒரு நாள் அந்தப் படத்தைக் கேட்டு வரும்போதுதான் தெரியும்.

நிபுணர்கள் இதற்கு "ரைட் ஹோல்" என்று பெயர் வைத்திருக்கிறார்கள். எழுத்தில் விழும் ஓட்டை என்று பொருள். தகவல் தொலைந்தால் "இல்லை" என்றாவது தெரியும். இங்கே பொய்யான தகவல் மெய் போல உட்கார்ந்திருக்கிறது. அதனால்தான் இது பொல்லாதது.

இலவசமாகக் கிடைக்கும் லினக்ஸ் என்ற மென்பொருள் இந்த விஷயத்தில் பிடிவாதக்காரன். கரண்ட் போனபோது எழுத்து பாதியில் நின்று, ஒரு டிஸ்க்கும் இல்லாமல் போனால், கூட்டத்தைத் திறக்கவே மறுத்துவிடும். "என் பொறுப்பு, திற" என்று மனிதர் உத்தரவு போட்டால்தான் திறக்கும். அவசரத்தில் அந்த உத்தரவைப் போடுகிறவர், 5-ஐ 4 என்று ஒப்புக்கொள்ளத் தயார் என்று கையெழுத்துப் போடுகிறார்.

சிட்டையும் பேரேடும்

இந்த ஓட்டையை அடைக்கும் வழி, மளிகைக் கடைக் கணக்குப்பிள்ளைக்குத் தெரிந்த வழிதான். அவர் எதையும் நேரே பேரேட்டில் எழுதமாட்டார். முதலில் சிட்டையில் குறிப்பார். பிறகு பேரேட்டில் ஏற்றுவார். பாதியில் விளக்கு அணைந்தாலும் சிட்டையைப் பார்த்து விட்ட இடத்திலிருந்து தொடரலாம்.

2016-ல் வந்த லினக்ஸ் பதிப்பில் இப்படி ஒரு சிட்டை சேர்ந்தது. வேகமான தனி டிஸ்க் ஒன்றைச் சிட்டையாக வைத்துக்கொள்ளலாம். "8, 22" என்று முதலில் அதில் எழுதிவிட்டு, அப்புறம் உரிய இடங்களில் எழுதும். அந்தச் சிட்டை டிஸ்க்கே கெட்டுப்போனால்? புதிதாக எதையும் எழுத மாட்டேன், படிக்க மட்டும் விடுவேன் என்று நின்றுவிடும். நல்ல புத்தி!

2017-ல் இன்னொரு முறை வந்தது. தனி டிஸ்க் வேண்டாம். இருக்கும் டிஸ்க்குகளிலேயே ஓரமாகக் குறித்துக்கொள்ளும். எழுதிக்கொண்டிருந்த புதிய 8-ஐக் காப்பாற்றுவேன் என்று அது உறுதி சொல்லவில்லை. தொடாத 5-ஐக் கெடவிடாது. எழுதும் வேகம் குறையும். 15 வருஷத்துக் கல்யாணப் படங்களை வைத்திருக்கும் ஸ்டூடியோவுக்கு, வேகம் குறைவது ஒரு நஷ்டமா?

இன்னொரு பழைய ஏற்பாடும் உண்டு. எழுதப்போகும் பகுதிக்கு முன்கூட்டியே ஒரு புள்ளி வைப்பது. கரண்ட் வந்ததும், புள்ளி வைத்த பகுதிகளை மட்டும் சரி பார்த்தால் போதும். பல மணி நேர வேலை சில நிமிடங்களில் முடிந்துவிடும். ஆனால், இது நேரத்தை மிச்சப்படுத்துமே தவிர, ஓட்டையை அடைக்காது. பலர் இரண்டையும் ஒன்று என்று நினைத்துக்கொள்கிறார்கள்.

சன் மைக்ரோசிஸ்டம்ஸ் என்ற அமெரிக்கக் கம்பெனி, 2005-ல் இசட்.எப்.எஸ். என்ற புது முறையை வெளியிட்டது. அது பழைய எழுத்தின் மேல் எழுதுவதே இல்லை. புதிய இடத்தில் முழு வரியையும் எழுதும். எழுதி முடித்த பிறகே, "இனி இந்தப் பக்கத்தைப் பார்" என்று பொருளடக்கத்தை மாற்றும். நடுவில் கரண்ட் போனால் பழைய பக்கம் அப்படியே இருக்கும்.

"எழுதியாயிற்று" என்ற பொய்

எவ்வளவு நல்ல சிட்டை இருந்தாலும் ஒரு சங்கடம் உண்டு. டிஸ்க்குக்கு ஒரு சின்ன நினைவுப்பெட்டி உண்டு. வரும் தகவலை முதலில் அதில் வாங்கிக்கொண்டு, "எழுதியாயிற்று" என்று சொல்லிவிடும். தட்டில் எழுதுவது அப்புறம்தான். நினைவுப்பெட்டியில் இருப்பது கரண்ட் போனால் மறைந்துவிடும். அதனால் மென்பொருள் அவ்வப்போது, "வாங்கியதை எல்லாம் தட்டில் எழுதிவிட்டுச் சொல்" என்று கட்டளை இடுகிறது. இந்தக் கட்டளையை அணைத்து வைத்தால் வேகம் கூடும். வேகத்துக்கு ஆசைப்பட்டு அணைத்து வைக்கிறவர்களும் இருக்கிறார்கள். பெரிய நிறுவனங்களுக்கான டிஸ்க்குகள் சிலவற்றில், கடைசி எழுத்தை எழுதி முடிக்கும் அளவுக்கு மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உறுப்பு இருக்கிறது. தட்டே இல்லாத எஸ்.எஸ்.டி. வகை டிஸ்க் வாங்குகிறவர்கள் இதைக் கடையில் கேட்டு வாங்குவது நல்லது.

யு.பி.எஸ். வைத்துவிட்டோமே, பிறகு என்ன பயம் என்று தோன்றலாம். யு.பி.எஸ். சில நிமிடம் மூச்சுக் கொடுக்கும். அந்தச் சில நிமிடத்துக்குள் கம்ப்யூட்டர் தன்னை முறையாக மூடிக்கொள்ள வேண்டும். கரண்ட் போன செய்தி அதற்கு எப்படித் தெரியும்? பல யு.பி.எஸ். பெட்டிகளின் பின்பக்கம் ஒரு சின்னக் கம்பி செருக இடம் இருக்கிறது. அந்தக் கம்பியைக் கம்ப்யூட்டரில் செருகி, அதற்குரிய மென்பொருளையும் அமைத்தால்தான் செய்தி போகும். செருகாவிட்டால், பாட்டரி தீரும் வரை கம்ப்யூட்டர் நிம்மதியாக எழுதிக்கொண்டே இருந்து, பிறகு பட்டென்று அணையும். பாட்டரியும் சில வருஷங்களில் வலுவிழந்துவிடும். பெட்டியில் பச்சை விளக்கு எரிகிறது என்று நம்பிக்கொண்டிருக்க முடியாது.

ரெய்டு என்பது நகல் அல்ல என்பதையும் சொல்லியாக வேண்டும். கை தவறி ஒரு படத்தை அழித்தால், 4 டிஸ்க்குகளும் சேர்ந்தே அழித்துவிடும். கெட்ட டிஸ்க்குக்குப் பதில் புதியதை மாட்டினாலும், 20 லட்சம் கோடி எழுத்துகள் கொண்ட டிஸ்க்கை நிரப்ப, வினாடிக்கு 25 கோடி எழுத்து வீதம் எழுதினால்கூட 22 மணி நேரம் ஆகும். அதற்குள் இன்னொரு டிஸ்க் போனால் மீட்க வழி இல்லை. ஸ்டூடியோக்காரர் படங்களை வேறு ஒரு டிஸ்க்கில் நகல் எடுத்து, வேறு ஒரு வீட்டில் வைத்திருந்தால்தான் மணப்பெண்ணின் படம் பிழைக்கும்.

ஞாயிறு இரவு

லினக்ஸ் வகைகளில் டெபியன் என்று ஒன்று. அதில் ரெய்டு அமைத்தால், மாதந்தோறும் முதல் ஞாயிற்றுக்கிழமை, இரவு சுமார் 1 மணிக்கு ஒரு வேலை தானாகவே தொடங்குகிறது. டிஸ்க்குகள் முழுவதையும் ஆரம்பத்திலிருந்து படித்து, ஒவ்வொரு வரியையும் கூட்டிப் பார்க்கிறது. எங்கெங்கே கணக்கு உதைக்கிறது என்று எண்ணி வைக்கிறது. படிக்க முடியாத இடம் இருந்தால், மற்ற டிஸ்க்குகளைக்கொண்டு அதைத் திருத்தியும் எழுதுகிறது. எல்லா டிஸ்க்குகளும் உயிரோடு இருக்கும்போதே பழுதைக் கண்டுபிடிக்க இந்த ஏற்பாடு.

சனிக்கிழமை மாலை கடையைப் பூட்டும்போது கம்ப்யூட்டரையும் அணைத்துவிட்டுப் போனால், அந்த நேரத்தில் அது ஓடாது. அப்படிப்பட்ட கடைக்காரர் வேலை நாளில் ஒரு நேரத்தை அதற்கு ஒதுக்கி, அந்தச் சோதனையைத் தாமே தொடங்கி வைக்க வேண்டும். அது முடியும் வரை கம்ப்யூட்டர் கொஞ்சம் மெதுவாக ஓடும்.