ஓடும் காலுக்கு ஒரு சப்பாத்து

ஆண்டு பிறந்ததும் பாடசாலை மைதானங்களிலே சுண்ணாம்புக் கோடுகள் தோன்றிவிடுகின்றன. இல்ல விளையாட்டுப் போட்டிக்குப் பிள்ளைகள் ஆயத்தமாகும் அந்நாட்களில், "சப்பாத்து வேண்டும்" என்னும் விண்ணப்பமும் வீடுகளில் எழுகின்றது. தந்தையார் பணப்பையைப் பார்க்கிறார். தாயார் பிள்ளையின் முகத்தைப் பார்க்கிறார். பெருந்தொகை செலவாகும் விஷயமாதலின் இதுபற்றிச் சில சொல்ல விழைகின்றோம்.

எமது மாணவனொருவன் சென்ற ஆண்டு 1500 மீற்றர் ஓட்டத்துக்குப் புதுச் சப்பாத்துடன் வந்தான். "வளருற பிள்ளை மாஸ்டர், அடுத்த வருஷமும் போடட்டும்" என்று தந்தையார் இரண்டு அளவு பெரிதாக வாங்கிக் கொடுத்திருந்தார். நுனியிலே பஞ்சை அடைத்துக்கொண்டு ஓடினான். இரண்டாஞ் சுற்றில் குதிக்கால் உரிந்தது. மூன்றாஞ் சுற்றில் இரண்டையும் கழற்றி ஓரத்தில் வீசிவிட்டு வெறுங்காலுடன் ஓடி, கடைசிக்கு முந்தியவனாக வந்து சேர்ந்தான். அவன் அழுதது தோல்விக்காக அன்று. அச்சப்பாத்துக்காகத் தந்தையார் கடன்பட்டதை அவன் அறிந்திருந்தான்.

1960ஆம் ஆண்டு ரோமாபுரி ஒலிம்பிக் விழாவிலே எதியோப்பிய வீரர் அபேபே பிக்கிலா மரதன் ஓட்டத்தை வெறுங்காலுடன் ஓடி, 2 மணி 15 நிமிடம் 16 செக்கனில் வென்றார். அங்கே கிடைத்த சப்பாத்துகள் அவர் காலுக்கு இசையவில்லை. 1964இல் தோக்கியோவிலே இசைந்த சப்பாத்தணிந்து, 2 மணி 12 நிமிடம் 11 செக்கனில் மீண்டும் வென்றார். பிக்கிலாவின் பாதம் வெறுங்கால் ஓட்டத்திற் பழகிய பாதம். போத்தலோடு கிடக்கும் தெருவில் நம் பிள்ளைகள் அதனைப் பின்பற்றல் வேண்டா. ஒவ்வாத சப்பாத்து வெறுங்காலினுங் கேடு என்பதை மட்டும் ஈண்டுக் கொள்க.

சப்பாத்து வாங்க மாலையிற் செல்வதே நன்று. பகலெல்லாம் நின்று நடந்த பாதம் சற்றுப் பருத்திருக்கும், ஓடும்போதும் அவ்வாறே. ஓடுகையில் அணியும் காலுறையையே அணிந்து செல்க. வீட்டிலே ஒரு தாளின்மீது பிள்ளையை முழுப் பாரத்துடன் நிற்கவைத்து, பென்சிலை நிமிர்த்திப் பிடித்துப் பாதத்தைச் சுற்றிக் கோடிட்டு அத்தாளையும் கொண்டுபோகலாம். இரு பாதங்களும் ஒத்திருப்பது அரிது. பெரியதற்கே அளவு பார்க்க வேண்டும். மிக நீண்ட விரலுக்கு முன்னே ஒரு பெருவிரலகலம் இடமிருந்தாற் போதும். சிலருக்கு நீண்டது இரண்டாம் விரல் என்பதை மறவற்க.

பிரித்தானிய அளவில் ஓர் இலக்கம் கூடினால் மூன்றிலொரு அங்குலம், அதாவது ஏறக்குறைய 8.5 மில்லிமீற்றர் கூடும். ஆகவே எமது மாணவன் 17 மில்லிமீற்றர் வெற்றிடத்தை இழுத்துக்கொண்டு ஓடியிருக்கிறான்! ஆயினும் இலக்கத்தை மட்டும் நம்புதலும் தவறு. கம்பனிக்குக் கம்பனி அது வேறுபடும்.

அகலத்தை அறிய எளிய வழியொன்றுண்டு. உள்ளிருக்கும் மெத்தையை உருவித் தரையிலிட்டு அதன்மேல் நின்று பார்க்க வேண்டும். பாதம் பக்கங்களில் வழிந்தால் அச்சப்பாத்து ஒடுக்கம். வெறுங்காலோடும் இறப்பர்ச் செருப்போடும் வளர்ந்த பாதம் முன்புறம் அகன்றிருப்பது வழக்கமாதலின், இச்சோதனை நமக்கு மிக அவசியம். பின்னர் நாடாவை இறுக்கி, கடைக்காரர் முகஞ்சுளித்தாலும் பத்தடி ஓடிப் பார்க்க வேண்டும். குதிக்கால் மேலெழக் கூடாது. "போடப் போடச் சரிவரும்" என்பது தோற் சப்பாத்துக் காலத்துப் பேச்சு. முதல் நாள் கடிப்பதை வாங்கற்க.

விலை மலிந்ததென்று நெடுநாள் தேங்கிய சரக்கை வாங்குவதிலும் ஆபத்துண்டு. பொலியூரித்தேன் என்னும் பொருளாலான அடிப்பாகம், நமது நாட்டு ஈரப்பதத்தில் ஆண்டுகள் செல்லச் செல்ல, அணியாமலிருந்தாலும் உக்கிவிடும். நாமே மலிவு விற்பனையில் ஒரு சோடி வாங்கி, மூன்றாம் வாரத்தில் அடிப்பாகம் உதிர, ஒற்றைக் காலை இழுத்துக்கொண்டு வீடு திரும்பியவர்கள்தாம். பல சப்பாத்துகளின் நாக்கினுள்ளே தைத்த துண்டில் உற்பத்தித் திகதி இருக்கும். அதைப் பார்த்துக் கொள்க. காபன் தகடு வைத்த பெருவிலைச் சப்பாத்துகள் நெடுந்தூரப் போட்டி வீரர்க்கு உரியவை. புல்வெளியில் ஓடும் பிள்ளைக்கு அவை வீண்செலவு.

ஒரு சோடி பொதுவாக 500 முதல் 800 கிலோமீற்றர் வரை உழைக்கும். வாரம் 20 கிலோமீற்றர் ஓடும் பிள்ளைக்கு அது 25 முதல் 40 வாரம். "அடுத்த வருஷத்துக்கும்" என்று பெரிதாக வாங்கினால், பாதம் அதற்கேற்ப வளருமுன்னரே அடிமெத்தை செத்துவிடும்!

இக்கணக்கை அத்தந்தையாருக்கும் எழுதிக் காட்டினோம். இவ்வாண்டு மகனும் அவருமாகத் தாளும் கையுமாய் மாலையிலே கடைக்குப் போய், முந்தியதிலும் விலை குறைந்த ஒரு சோடியைத் தெரிந்து வந்தனர். பஞ்சடைத்த பழைய சோடியோ தந்தையாரின் காலுக்கு அளவெடுத்தாற்போல் அமைந்துவிட்டது; அதனை அணிந்தே தினமும் சைக்கிளில் வேலைக்குப் போகிறார்.