ஏற்காடு பிள்ளைகளுக்கு ஆன்லைன் டிகிரி: தோட்டக்கலை, ஓட்டல் படிப்புக்கு ஏன் இடமில்லை?

சேலத்தில் இருந்து ஏற்காடு போகும் மலைப்பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். கல்லூரிக்காக தினமும் இறங்கி ஏறும் மாணவருக்கு, "வீட்டில் இருந்தே டிகிரி முடிச்சா என்ன?" என்று தோன்றுவது இயல்புதான்.

சேர்வராயன் மலையில் பிழைப்பு என்றால் காபி, மிளகு, ஓட்டல், லாட்ஜ். அப்போ ஆன்லைனில் தொடங்க வேண்டியது தோட்டக்கலையும் ஹோட்டல் மேனேஜ்மென்ட்டும்தானே? அங்கேதான் சிக்கல்.

எதற்கெல்லாம் அனுமதி இல்லை?

மருத்துவம், நர்சிங், பொறியியல், சட்டம், வேளாண்மை, தோட்டக்கலை, ஹோட்டல் மேனேஜ்மென்ட் போன்றவற்றை ஆன்லைன் டிகிரியாக நடத்த யுஜிசி அனுமதிப்பதில்லை. காபிச் செடியை கவாத்து செய்வதையும், சமையற்கட்டு வேலையையும் செல்போனில் பார்த்து மட்டும் கத்துக்க முடியாது இல்லையா?

யார் தொடங்கலாம்?

யுஜிசியின் 2020 விதிகள்படி, நாக் மதிப்பெண் 4-க்கு குறைந்தது 3.01 இருக்கணும். இல்லாவிட்டால், என்ஐஆர்எஃப் பல்கலைக்கழக தரவரிசையில் முந்தைய 3 முறையில் 2 முறையாவது முதல் 100 இடத்துக்குள் வந்திருக்கணும். வேறு நிறுவனத்துக்கு ஃபிரான்சைஸ் கொடுத்து நடத்தவும் கூடாது.

எதைத் தேர்வு செய்யணும்?

பி.காம்., பிபிஏ, எம்.ஏ. போன்றவற்றுக்கு பெரிய ஆய்வுக்கூடம் தேவையில்லை. ஆனால், விளம்பரத்தில் எடுபடும் பெயரைப் பார்த்து கல்லூரி முடிவு செய்யக் கூடாது. நடத்த ஆசிரியர்கள் இருக்காங்களா, படிச்சா வேலை உண்டா, தேர்வை நம்பகமா நடத்த முடியுமா என்று முதலில் பார்க்கணும். சென்னை ஐஐடி 2020-ல் அறிமுகப்படுத்திய டேட்டா சயின்ஸ் படிப்பில் பாடம் ஆன்லைனில்தான். முக்கியத் தேர்வுகளை மட்டும் மையத்துக்கு நேரில் போய் எழுதணும். அந்த டிகிரிக்கு மதிப்பு வர இதுவும் ஒரு காரணம்.

அப்போ மலைப் பிள்ளைகளுக்கு வழி?

இருக்கு. ஒரே நேரத்தில் 2 டிகிரி படிக்க 2022-ல் யுஜிசி அனுமதி தந்தது. ஹோட்டல் மேனேஜ்மென்ட்டை நேரில் படித்துக்கொண்டே, பிபிஏ-வை ஆன்லைனில் முடிக்கலாம். அங்கீகாரம் பெற்ற ஆன்லைன் டிகிரி, ரெகுலர் டிகிரிக்குச் சமம் என்றும் யுஜிசி அறிவித்திருக்கிறது.

ஃபீஸ் கட்டும் முன் ஒன்று செய்யுங்க. யுஜிசியின் தொலைநிலைக் கல்விப் பிரிவு இணையதளத்தில் பல்கலைக்கழகத்தின் பெயர் மட்டுமல்ல, நீங்க சேரும் படிப்பும் அந்த ஆண்டும் இருக்கா என்று பாருங்க. இல்லைன்னா, ஃபீஸோடு மூன்று வருஷமும் வீண்!