கடலில்லாத மாலி நாடு



கி.பி. 1344ஆம் ஆண்டில் இலங்கைக்கு வந்து, ஆரியச்சக்கரவர்த்தியின் உபசாரத்தைப் பெற்று, சிவனொளிபாதமலைக்கும் யாத்திரை செய்து மீண்ட மொறொக்கோ நாட்டுப் பிரயாணி இபுனு பதூதாவை நம்மிற் பலர் அறிவர். அவர் தமது வாழ்நாளிற் செய்த கடைசிப் பெரும் பிரயாணத்தை அறிந்தோர் சிலரே. 1352இல் வணிகர் கூட்டத்தோடு சகாராப் பாலைவனத்தைக் கடந்து அவர் சென்ற தேசம் மாலி. அவர் சில காலம் நீதிபதியாயிருந்த மாலைதீவோடு இப்பெயரை மயங்குதல் கூடாது. இது மேற்கு ஆபிரிக்காவின் நடுவே, ஏழு அயல்நாடுகளாற் சூழப்பட்டு, கடற்கரை சிறிதுமின்றிக் கிடக்கும் நாடு.

பரப்பில் இது மிகப் பெரிது; ஏறத்தாழ 12 இலட்சத்து 40 ஆயிரம் சதுர கிலோமீற்றர். ஆனால் வடக்கே பெரும்பகுதி மணலும் கல்லுமாம். இரண்டு கோடிக்கு மேற்பட்ட மக்களிற் பெரும்பாலோர் தெற்கிலும், நைஜர் ஆற்றின் இரு மருங்கிலும் வாழ்கின்றனர்.

இந்த ஆறு ஒரு விசித்திரமான ஆறு. அயல்நாடாகிய கினியின் மலைகளில், அத்திலாந்திக் சமுத்திரத்திற்கு ஏறக்குறைய 240 கிலோமீற்றர் தூரத்திலேயே பிறந்தும், அக்கடலை நாடாது, முதுகைத் திருப்பிக்கொண்டு வடகிழக்கே பாலைவனத்தை நோக்கிச் செல்கிறது. திம்புக்து நகரையடுத்துச் சென்றபின் வளைந்து தென்கிழக்கே திரும்பி, நான்காயிரம் கிலோமீற்றருக்கு மேல் ஓடிக் கினி வளைகுடாவில் விழுகிறது. இபுனு பதூதா இதனை நைல் நதியென்றே எண்ணிவிட்டார். இது கிழக்கு நோக்கி ஓடுவதை 1796இல் சேகு நகரில் நேரிற் கண்ட மங்கோ பார்க் என்பவர் எழுதிய பிறகே ஐரோப்பியரின் ஐயம் ஒருவாறு தீர்ந்தது.

சேகுவுக்கு அப்பால் நிலம் தட்டையாகிவிடுகிறது. அங்கே ஆறு பல கிளைகளாய்ப் பிரிந்து, கடலோரத்தில் அன்று, நாட்டின் உள்ளேயே ஒரு கழிமுகத்தை உண்டாக்குகிறது. கினி மலைகளில் ஆனி முதல் புரட்டாதி வரை பெய்த மழைநீர், இச்சதுப்பு நிலங்களில் மெல்லப் பரந்து, திம்புக்துவை அடையும்போது மார்கழி, தை மாதம் ஆகிவிடும். வானத்தில் ஒரு முகிலும் இல்லாத வறட்சிக் காலத்திலே வெள்ளம் வந்து நிற்பதைக் கண்டால் வியப்பு உண்டாகாதிருக்குமா?

வெள்ளத்தின் இந்த நாட்கணக்கைக் கொண்டே அங்குள்ளோர் வாழ்வு நடக்கிறது. நீர் நிற்கும் இடத்தில் போசோ மக்கள் மீன்பிடிப்பர். நெல் விதைப்போர் அதே நீரை நம்பி விதைப்பர். நீர் வடிந்ததும் பூலானி இடையர்கள் தூர மேய்ச்சலிலிருந்து மந்தைகளை ஆற்றில் நீந்தவிட்டு, அதே நிலத்திற்குத் திரும்புவர். தியபரபே என்னும் ஊரில் மாடுகள் ஆற்றைக் கடக்கும் நாள் பெருந் திருவிழாவாகும். ஒரே நிலம் மூவருக்கும் முறைவைத்து உரியதாயிருப்பதற்கு நுட்பமான உடன்பாடுகள் தேவை. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சேக்கு அமது என்பவரின் ஆட்சியில் அவை ஒழுங்குபடுத்தப்பட்டன. மழை குறைந்தும் ஆயுதம் மலிந்தும் போன இக்காலத்தில் அவ்வுடன்பாடுகள் பல இடங்களிற் குலைந்து வருவது இந்நாட்டின் பெருந்துயரங்களில் ஒன்று.

ஆயினும் மாலி மக்களிடம் அழகிய வழக்கம் ஒன்றுண்டு. சில குலப்பெயர் உடையோர், முன்பின் அறியாதவராயினும், சந்தித்தவுடனே ஒருவரையொருவர் ‘பயறு தின்னி’ என்று பரிகசிப்பர். கேட்பவர் சினத்தல் ஆகாது. சிரித்து, மறுமொழியாக அதே வசையைத் திருப்பிக் கொடுக்கவேண்டும். நம்மூர் மைத்துனர் கேலியை ஒத்த இவ்வுறவு, சண்டை தீர்க்கவும் பயன்படுகிறது. தெற்கில் பெரும்பாலோர் பேசுவது பம்பரா மொழி. நெடுங்காலம் அரச கருமமொழியாயிருந்த பிரெஞ்சு, 2023ஆம் ஆண்டு அரசியலமைப்பில் அந்நிலையை இழந்தது.

கடலில்லாமையின் கஷ்டத்தை இந்நாடு பிறந்த ஆண்டிலேயே அறிந்துகொண்டது. 1960இல் செனெகலோடு ஒரே கூட்டாட்சியாய்ச் சுதந்திரம் பெற்று, இரு மாதங்களில் அது முறிந்தபோது, டக்கார் துறைமுகத்திற்குச் செல்லும் புகையிரதப் பாதை அடைபட்டது. மீண்டும் திறக்க 1963 ஆயிற்று. இன்று பண்டங்கள் பெரும்பாலும் டக்காரிலிருந்தும் அபிஜானிலிருந்தும் லொறிகளில் வருகின்றன. 2025இன் பிற்பகுதியில் ஆயுதக் குழுவினர் எரிபொருள் லொறிகளை வழியில் மறித்து எரித்தனர். தலைநகர் பமாக்கோவில் எண்ணெய் நிலையங்களின் முன் வரிசைகள் நீண்டன. பள்ளிக்கூடங்களும் சில நாள் மூடப்பட்டன.

பிரயாணம் பற்றியும் சொல்லவேண்டும். கார்த்திகை முதல் மாசி வரையுள்ள மாதங்களே வெப்பம் குறைந்தவை. அப்போது சகாராவிலிருந்து அர்மத்தான் என்னும் புழுதிக்காற்று வீசும். மஞ்சட் காய்ச்சலுக்குத் தடுப்பூசி இட்ட சான்றிதழின்றி உள்ளே செல்ல இயலாது. நாணயம் அயல்நாடுகள் சிலவற்றோடு பொதுவான பிராங்கு. தேநீரை மூன்று சுற்றாக, ஒன்றுக்கொன்று இனிப்புக் கூடியதாய் வார்ப்பர். முதற்சுற்றோடு எழுந்துவிடுவது மரியாதையன்று. சென்னே நகரின் களிமண் பள்ளிவாசலுக்கு ஆண்டுதோறும் ஊரார் அனைவரும் கூடிச் சேறு பூசுவது காணத்தக்க காட்சி.

ஆனால் இவற்றைக் காணப் போவதுதான் இன்று அரிது. மாலியில் வழிப்பறிக்கு அஞ்சவேண்டியதில்லையென்று இபுனு பதூதா வியந்து எழுதினார். 2012இல் வடக்கே தொடங்கிய போர் அந்த நிலையை அழித்தது. திம்புக்துவின் பழஞ்சுவடிகளை, அழிப்போர் கண்ணிற் படாமல், லொறிகளிலும் ஆற்றுப் படகுகளிலும் பமாக்கோவுக்குக் கடத்திக் காத்தார்கள் அந்நகரத்தார். 2023 செப்டெம்பரில், அதே ஆற்றில், திம்புக்துவின் பெயரையே தாங்கிய பயணிகள் கப்பல் தாக்கப்பட்டு, நாற்பதுக்கு மேற்பட்ட பொதுமக்கள் மாண்டனர். பல நாட்டு அரசுகள் தம் குடிகளை இப்போது அங்கே செல்லவேண்டாமென்று எச்சரித்துள்ளன. போசோ மீனவருக்கோ போவதற்கு வேறு வழியில்லை. வெள்ளம் ஏறியதும் அவர்கள் படகைத் தள்ளிக்கொண்டு ஆற்றில் இறங்குகிறார்கள்.