சொல் போனால் அறிவும் போனதா?

பாரிசவாதம் வந்து பேச்சு நின்றுபோன ஒருவரைப் பார்த்து, "ஆளுக்கு மூளையும் பழுதாப் பெய்த்து" என்று சொல்வதை நான் பலமுறை கேட்டிருக்கிறேன். பிறகு அவர் முன்னிலையிலேயே அவருடைய காணியைப் பற்றிப் பேசுவார்கள். அவரிடம் மட்டும் கேட்கமாட்டார்கள். இது அநியாயம். ஏனென்று பாருங்கள்.

பாரிஸுக்கு அருகே பிசேத்ர் ஆஸ்பத்திரியில் லெபோர்ஞ் என்றொருவர் இருந்தார். எதைக் கேட்டாலும் அவருடைய பதில் 'டான், டான்' மட்டுந்தான். 1861இல் போல் புரோக்கா என்ற மருத்துவர், "இங்கு வந்து எத்தனை வருடம்?" என்று கேட்டார். அவர் கையை நான்கு தரம் விரித்துக் காட்டி, பிறகு ஒரு விரலை நீட்டினார். இருபத்தொன்று; கணக்குச் சரி! அதையே திரும்பத் திரும்பக் கேட்டபோது அவருக்குக் கோபம் வந்தது. அப்போது ஒரு வசைச்சொல் மட்டும் முழுசாக வெளியே வந்தது.

சில நாட்களில் அவர் இறந்தார். மூளையைப் பரிசோதித்த புரோக்கா, இடப்பக்க முன்மடல் சிதைந்திருப்பதைக் கண்டார். 1874இல் வேர்ணிக்கே என்ற ஜெர்மன் மருத்துவர் இன்னொரு வகையை விளக்கினார். இடப்பக்கப் பொட்டுமடலின் பின்பகுதி பழுதானால் பேச்சு சரளமாக ஓடும். ஆனால் பொருள் இராது, மற்றவர் சொல்வதும் சரியாக விளங்காது. மொழி ஒரே இடத்தில் குடியிருப்பதில்லை, பல பகுதிகள் நரம்பிழைகளால் இணைந்தே அதை நடத்துகின்றன என்பது இன்றைய விளக்கம்.

இது நாக்கின் கோளாறும் அல்ல. சைகைமொழி பேசும் செவிப்புலனற்றோருக்கும் மூளையின் இடப்பக்கம் பழுதானால் கை அசையும், சைகைமொழி குலைந்துவிடும்.

தண்ணி கேட்கச் சொல் வராத சிலர், பாத்திஹா சூராவைத் தடங்கலின்றி ஓதிவிடுவார்கள். நடிக்கிறார் என்று நினைக்க வேண்டாம். புதிதாக ஒரு வசனத்தைக் கட்டுவது வேறு வேலை; மனனமானது ஒரே கோவையாக எழுந்து வருவது வேறு வேலை. லெபோர்ஞின் வசைச்சொல் வந்ததும் இப்படித்தான்.

ஆகவே, வீட்டில் இப்படியொருவர் இருந்தால் ஒரு நேரத்தில் ஒரு கேள்வி கேளுங்கள். 'ஓம்', 'இல்லை' என்று தலையசைக்கக்கூடிய கேள்வியாக இருக்கட்டும். பொருளைக் காட்டிக் கேளுங்கள். பதிலுக்குப் பொறுத்திருங்கள். பேச்சுச் சிகிச்சையாளரிடம் கூட்டிப் போங்கள். பயிற்சியால் பலருக்குக் கொஞ்சமாவது பேச்சு திரும்புகிறது. முக்கியமாக, காணி விஷயத்தை அவரிடமே கேளுங்கள். அவர் சொல்லைத்தான் இழந்திருக்கிறார்; தன் காணி எதுவென்பதை மறந்துவிடவில்லை.