மீன் பிழைத்தால் போதுமா?

ஐப்பசி மழையில் புதுச்சேரியின் காலாப்பட்டுப் பக்கம் நிரம்பும் குட்டையில் ஒரு குவளை நீர் மொண்டு வெளிச்சத்தில் பிடித்துப் பாருங்கள். துள்ளித் துள்ளி நீந்தும் வெண்புள்ளிகள் தெரிந்தால் அவை நீர்த்தெள்ளுகள். டாஃப்னியா, மொய்னா என்று பாடநூல்கள் சொல்வது இவற்றைத்தான். பாசியைத் தின்று நீரைத் தெளியவைப்பவை. மீன்குஞ்சுகளுக்கு முதல் இரை. வண்ணமீன் வளர்ப்போர் மொய்னாவைத் தனித் தொட்டியில் பெருக்குவது இதற்காகவே.

இவற்றின் உடலில் உள்ள உப்பு, சுற்றியுள்ள நன்னீரில் இருப்பதைவிடப் பல மடங்கு. அது கரைந்து போய்விடாதபடி நீரிலிருந்து சோடியத்தை ஓயாமல் இழுத்துக்கொண்டே இருக்க வேண்டும். கழிவுநீரில் வரும் தாமிரம் சோடியம் நுழையும் வாயிலை அடைத்துவிடுகிறது. காட்மியமும் ஈயமும் கால்சியம் போகும் வழியில் புகுந்துகொள்கின்றன. சில நாளுக்கொருமுறை சட்டை உரித்துப் புது ஓடு கட்டும் உயிருக்குக் கால்சியம் கிடைக்காமற்போனால் என்ன ஆகும்? சாகாதவையும் குறைவாகவே குஞ்சு பொரிக்கின்றன. கடின நீரில் கால்சியம் மிகுதி என்பதால் நஞ்சு சற்றுத் தணியும். ஓரூர்க் குட்டையில் கொல்லும் தாமிரம் இன்னோர் ஊரில் கொல்லாமல் விடுவது அதனால்தான்.

இத்தாலியின் ஓர்ட்டா ஏரியில் 1926 முதல் ஒரு ரேயான் ஆலையின் தாமிரக் கழிவும் அம்மோனியாவும் கலந்தன. சில ஆண்டுகளிலேயே மிதவை உயிர்கள் அழிந்தன. 1989-90இல் ஆயிரக்கணக்கான டன் சுண்ணாம்புக்கல் தூளைக் கொட்டிய பிறகு ஏரி தேறியது.

இந்தியாவின் கழிவுநீர் விதிகளுக்கு வருவோம். மென்னீரில் லிட்டருக்கு 0.05 மில்லிகிராமுக்கும் குறைந்த தாமிரமே 48 மணி நேரத்தில் பாதி நீர்த்தெள்ளுகளை முடக்கக்கூடியது. நீர்நிலையில் விடும் கழிவுநீரில் தாமிரத்துக்கான பொது வரம்போ லிட்டருக்கு 3 மில்லிகிராம். நச்சுச் சோதனையும் மீனை வைத்துத்தான்: 96 மணி நேரத்தில் 90 சதவீத மீன்கள் பிழைத்தால் போதும். கழிவு நீர்த்துப் போய்விடும் என்பார்கள். கோடையில் வற்றிச் சுருங்கும் நம் ஏரிகளில் அது எப்படி நடக்கும்? மீன் தப்பித்து அதன் இரை மடிந்தால், அந்த மீன் எத்தனை நாள் தாங்கும்?

2008இல் புதுச்சேரி அரசு பறவைகள் சரணாலயமாக அறிவித்த ஊசுட்டேரிக்கு அருகிலேயே சேதராப்பட்டுத் தொழிற்பேட்டை இருக்கிறது. இத்தகைய இடங்களில் நீர்த்தெள்ளுச் சோதனைக்கு வேண்டியவை சில கண்ணாடிக் குவளைகளும் இரண்டு நாள்களும். கழிவுநீர் விதியில் மீனோடு நீர்த்தெள்ளையும் அரசு சேர்க்க வேண்டும்.